லோக்கலா, ரீஜனலா? ரெண்டு வேலை கையில, முடிவெடுக்க ஏலாமக் கிடக்கு

#1 புதுச்சில்லு

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருசமா இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும்தான் இருந்தனான். இப்ப தலை வெடிக்குது, அதால எழுதிறன்.

ஏஸெட் (பெரிய ட்றெயிலர் ட்ரக் ஓடுற) லைசென்ஸ் எடுத்து எட்டு மாசம். அதில ஆறு மாசம் தெரிஞ்ச அண்ணை ஒருத்தரோட டீமா ரொறன்ரோ - வின்னிபெக் ஓட்டம். ரோட்டில பயமில்லை, 17ஆம் நெடுஞ்சாலையில பனிக்கையும் ஓடியிருக்கிறன். ஆனா டொக்கில, அதுதான் சாமான் ஏத்தி இறக்கிற மேடையில, பின்னுக்கு எடுக்கிறது முழுக்க அண்ணைதான். நான் இறங்கி நிண்டு கை காட்டுவன், அவ்வளவுதான். அவர் இப்ப ட்ரக்கை வித்திட்டு ஓய்வெடுத்திட்டார்.

இப்ப ரெண்டு இடத்தில கூப்பிடுறாங்கள்.

ஒண்டு லோக்கல். மிசிசாகாவில வெயர்ஹவுஸ், அங்கயிருந்து கடைகளுக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு ஸ்டொப். மணிக்கு 28 டொலர். விடிய 3 மணிக்குத் தொடக்கம், பதினொண்டு, பன்னிரண்டு மணித்தியாலம் போகுமாம். சனி ஞாயிறு லீவு.

மற்றது ரீஜனல். தெற்கு ஒன்ராறியோ, கியூபெக், மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா. மைலுக்கு 62 சதம், கிழமைக்கு 2,300 மைல் நிச்சயம் எண்டு சொல்லுறாங்கள். ஞாயிறு இரவு 9 மணிக்கு வெளிக்கிட்டா வெள்ளி மத்தியானம் வீடு.

நாங்கள் ஸ்காபரோவில. மனிசி முதியோர் இல்லத்தில வேலை. மகளுக்கு நாலு வயசு, செப்டெம்பரில பள்ளிக்கூடம். மனிசி லோக்கலை எடுக்கச் சொல்லுறா. எனக்கு ரோட்டு ஆசை விடேல்லை. அனுபவக்காரர் சொல்லுங்கோ.


#2 நானூற்றொன்று

தம்பி, வாரும். பத்தொன்பது வருசமா ஓடுறன். பதினொரு வருசம் லோங் ஹோல் (நெடுந்தூர ஓட்டம்), நாலு வருசம் ரீஜனல், இப்ப லோக்கல். மூண்டுக்கும் நன்றிக்கடன் இருக்கு, மூண்டையும் திட்டவும் தெரியும்.

முதல்ல உம்மட கணக்கைப் பாப்பம். லோக்கல் ஒரு நாளைக்கு பதினொன்றரை மணித்தியாலம் எண்டு வையும். அஞ்சு நாளுக்கு 57.5. அதை 28ஆல பெருக்கினா 1,610 டொலர். ரீஜனல் 2,300 மைல், 62 சதப்படி 1,426 டொலர். அதுக்கு எத்தினை மணித்தியாலம் வேலை? போர்டர், ட்ராபிக் எல்லாம் சேர்த்து சராசரி மணிக்கு 50 மைல் போனா ஓட்டம் மட்டும் 46 மணித்தியாலம். காலமைச் செக்கிங், டீசல், டொக்கில காவல் எண்டு குறைஞ்சது இன்னும் பதினைஞ்சு. மணிக்கு 23 டொலர் சொச்சம்தான் வருது. அதோட ஞாயிறு இரவில இருந்து வெள்ளி மத்தியானம் வரை 111 மணித்தியாலம் நீர் வீட்டில இல்லை.

ஆனா லோக்கல்காரனிட்டயும் ஒரு கேள்வி கேளும். ஓவர்டைம் எத்தினை மணித்தியாலத்துக்குப் பிறகு? பொதுவா ஆக்கள் 44 எண்டு நினைச்சுக்கொண்டு போறது. ட்ரக்குக்கு அப்பிடி இல்லை. மாகாண எல்லை தாண்டி ஓடுற கொம்பனி எண்டா பெடரல் சட்டம். அதில சிற்றி ட்ரைவர் எண்டா நாளுக்கு 9, கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்குப் பிறகு ஒன்றரை மடங்கு. ஆனா சிற்றி ட்ரைவர் எண்டு கணக்கெடுக்க யாட்டில (கொம்பனி ட்ரக் நிக்கிற வளவில) இருந்து 16 கிலோமீட்டருக்குள்ள மட்டும் ஓட வேணும். மிசிசாகாவில இருந்து ஸ்காபரோக் கடைக்கு ஒருக்கா வந்தாலே அது முடிஞ்சுது. பிறகு ஹைவே ட்ரைவர் கணக்கு, 60க்குப் பிறகுதான். ஒன்ராறியோவுக்குள்ள மட்டும் ஓடுற கொம்பனி எண்டா மாகாணச் சட்டம். அதில ஒரு மாநகரத்துக்குள்ள, இல்லாட்டி அதின்ர எல்லைக்கு வெளியில 5 கிலோமீட்டருக்குள்ள ஓடுறவனுக்கு 50. அதைத் தாண்டினா அங்கயும் 60தான். நீர் 57.5 ஓடினா சட்டப்படி ஒரு சதமும் கூட வராது. கொம்பனி தானா 50க்குப் பிறகு குடுக்குதோ எண்டு கேளும். சில இடங்களில குடுக்கிறாங்கள்.

மற்றது, டொக். அதைப் பற்றி வேலையால வந்து எழுதிறன்.


#3 சேலத்து_ஸ்டீரிங்

நானூற்றொன்று அண்ணா சொல்ற கணக்கு சரிதான். ஆனா ரீஜனல்ல டாலர் மட்டும் இல்ல ப்ரோ. நான் நாலு வருஷமா ஒஹாயோ, இண்டியானா, மிச்சிகன் ஓட்றேன். காலைல அஞ்சு மணிக்கு எவனும் ஃபோன் பண்ணாத ரோட்டுல போற சுகம் லோக்கல்ல வராது.

ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. பார்டர் தாண்டின உடனே கடிகாரமே மாறிடும். கனடாவுல ஒரு நாளைக்கு 13 மணி நேரம் ஓட்டலாம், 14 மணி நேரம் வேலை, ஷிஃப்ட் தொடங்கினதுலேருந்து 16 மணி நேரத்துக்குள்ள ஓட்டத்தை முடிக்கணும். நடுவுல ஆஃப் டியூட்டி போட்டா கொஞ்சம் மூச்சு விட இடம் இருக்கு. அமெரிக்காவுல 11 மணி நேரம்தான் ஓட்டம். 14 மணி நேரக் கடிகாரம் ஒரு தடவை ஓட ஆரம்பிச்சா சாப்பிட உக்காந்தாலும் நிக்காது. ட்ரக்குக்குள்ள இருக்கற படுக்கைல, ஸ்லீப்பர்ல, ஓய்வு நேரத்தை ரெண்டாப் பிரிச்சு எடுத்தா மட்டும்தான் கொஞ்சம் தப்பிக்கலாம். எட்டு மணி நேரம் ஓட்டினா அரை மணி பிரேக் கட்டாயம்.

இத ஏன் சொல்றேன்னா, போன வருஷம் கொலம்பஸ் பக்கம் ஒரு கிடங்குல காலைல ஏழு மணிக்கு டாக்ல சொருகினேன். டாக் விளக்கு சிவப்பாவே இருந்துச்சு, வேலை முடியல, நகரக் கூடாதுன்னு அர்த்தம். பன்னெண்டரைக்குத்தான் பச்சையாச்சு. முதல் ரெண்டு மணி நேரம் இலவசமாம், மீதி மூணரை மணிக்கு ஏதோ சில்லறை கொடுத்தாங்க. காசு போனது பெரிசில்ல. அன்னிக்கு 14 மணி நேரத்துல அஞ்சரை அங்கயே செத்துப் போச்சு. பார்க்கிங் தேட ஆரம்பிக்கறப்ப மணி ஏழு. எந்த ட்ரக் ஸ்டாப்லயும் இடம் இல்ல. கடைசியா ஒரு தொழிற்பேட்டை ஓரமா நிறுத்திட்டு, எவனாவது கதவத் தட்டுவானான்னு பாதி தூக்கம்.

மைல் கணக்குல சம்பளம்னா நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் உங்க காசு. அத மட்டும் மனசுல வைங்க.


#4 கடுங்குளிர்

இடையில ஒரு கேள்வி, மன்னிக்கோணும். எனக்கு பீஆர் (கனடா நிரந்தர வதிவிடம்) மட்டும்தான், இலங்கைப் பாஸ்போட். ரீஜனலில அமெரிக்கா ஓடலாமோ?


#5 சேலத்து_ஸ்டீரிங்

பீஆர் இருந்தா மட்டும் போதாது ப்ரோ, அமெரிக்க விசா எடுக்கணும். கனடா சிட்டிசன்னா அது தேவையில்ல. ஃபாஸ்ட் கார்டு எடுத்தா பார்டர்ல வரிசை குறையும், ஆனா அது விசாவுக்குப் பதில் ஆகாது. இன்னொண்ணு, அங்க போய் ஒஹாயோவுல ஏத்தி இண்டியானாவுல இறக்கற வேலைய கனடா டிரைவர் செய்யவே கூடாது. டிஸ்பாச் (லோட் பிரிச்சுக் குடுக்கறவங்க) சொன்னாலும் முடியாதுன்னு சொல்லிடுங்க. மாட்டினா மாட்டறது நீங்க. கஞ்சா இங்க 2018லேருந்து சட்டப்படி சரின்னு எவனாவது சொல்லுவான். பார்டர்ல அந்தப் பேச்சே கூடாது.


#6 வீட்டுக்காரி_ஒருத்தி

நான் ட்ரைவர் இல்லை. ட்ரைவரின்ர மனிசி. இவர் எட்டு வருசம் ரீஜனல், இப்ப மூண்டு வருசமா லோக்கல். ஒருத்தரும் சொல்லாத பக்கத்தை நான் சொல்லுறன்.

"ஒவ்வொரு இரவும் வீட்டில" எண்டு வேலை விளம்பரத்தில பெரிய எழுத்தில போடுவாங்கள். உண்மைதான், ஒவ்வொரு இரவும் வீட்டிலதான் நிக்கிறார். ஆனா இவருக்கு அலாரம் 1:50க்கு அடிக்கும். அதுக்குப் பின்னேரம் ஆறரைக்குப் படுக்க வேணும். ஆறரைக்குப் பிறகு எங்கட வீட்டில ஒருத்தரும் சத்தம் போடேலாது. குக்கர் விசிலுக்கு முதலே அடுப்பை நிப்பாட்டுவன். பிள்ளையள் குசுகுசுத்துத்தான் சண்டை பிடிப்பினம். போன மாசம் ஒரு நாள் சோத்துக் கோப்பையை மடியில வைச்சபடியே நித்திரை. கையில பிசைஞ்ச சோறு அப்பிடியே.

ரீஜனல் ஓடின காலத்தில அஞ்சு நாளும் நான் தனிய. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் நான்தான், வாசல் பனி வழிக்கிறதும் நான்தான். ஆனா சனிக்கிழமை எண்டா முழு மனிசனா வீட்டில நிண்டவர். பிள்ளையளோட நீச்சலுக்குப் போனவர். இப்ப சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் படுக்கையில.

லோக்கல் கூடாது எண்டு சொல்ல வரேல்லை. எனக்கு இப்பத்தை வாழ்க்கைதான் விருப்பம், இரவில பக்கத்தில ஆள் இருக்கிறது வேற. ஆனா தம்பி, நீங்கள் எழுதினதில ஒரு விசயம் எனக்கு விளங்கேல்லை. மனிசிக்கு வேலை எத்தினை மணிக்கு? செப்டெம்பரில மகளைக் காலமை பள்ளிக்கூடத்தில ஆர் விடுறது? ஒரு வேலையில நீங்கள் விடிய 2 மணிக்கு வெளிக்கிடுறீங்கள். மற்றதில ஊரிலேயே இல்லை. ரெண்டு வேலையும் உங்கட வீட்டுக் காலமைக்கு உதவாது எண்டெல்லோ எனக்குப் படுது.


#7 புதுச்சில்லு

அக்கா, உண்மையைச் சொன்னா அதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மனிசிக்கு 7 மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும், 3 மணிக்கு முடியும். எடுக்கிறதுக்கு அவ நிப்பா. விடுறதுக்கு ஆளில்லை. நேற்று இரவு இதைக் கதைச்சு ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கொண்டிருந்தம்.


#8 நானூற்றொன்று

வந்திட்டன். டொக்கைப் பற்றிச் சொல்ல வேணும் எண்டனான்.

லோக்கல் எண்டா சுலபமான வேலை, புது ஆளுக்கு நல்லது எண்டு ஒரு கதை இருக்கு. எனக்கு உது பிடிக்கிறேல்லை. ரீஜனல்காரன் கிழமைக்கு ஆறு, ஏழு தரம் பின்னுக்கு எடுப்பான். அதுவும் அநேகமா பெரிய கிடங்கு, பரந்த யாட். நீர் நாளுக்கு அஞ்சு தரம், கிழமைக்கு இருபத்தஞ்சு. கடைக்குப் பின்னால ஒழுங்கை, ஒரு பக்கம் குப்பைத் தொட்டி, மற்றப் பக்கம் ஆரோ நிப்பாட்டின கார். 53 அடி ட்றெயிலர். சில இடத்தில பயணி பக்கமாத்தான் உள்ள விட வேணும், கண்ணாடியில ட்றெயிலரின்ர பக்கச் சுவரைத் தவிர ஒண்டும் தெரியாது.

டன்டாஸ் பக்கம் ஒரு கடை. நான் லோக்கலுக்கு வந்து ரெண்டாவது கிழமை. பதினைஞ்சு வருச அனுபவம் எண்ட கொழுப்பு. இறங்கிப் பாக்கேல்லை. ஒரு மஞ்சள் இரும்புக் குழாய், காஸ் மீட்டரைக் காக்கிறதுக்கு நட்டது, சரிஞ்சு நிண்டிருக்கு. ட்றெயிலரின்ர மூலையில ஒரு சாண் அளவு கிழிசல். சத்தம் கூடக் கேக்கேல்லை, கடைப் பொடியன் ஓடி வந்து கண்ணாடியில தட்டினவன். புது ஆள் எண்டா உதே ஒரு அக்ஸிடென்ட் எண்டு பதிவாகும். அடுத்த கொம்பனியின்ர காப்புறுதிக்காரன் உதைத்தான் முதல்ல பாப்பான்.

அதுக்காக லோக்கலுக்குப் போகாதையும் எண்டு சொல்லேல்லை. ஆறு மாசம் லோக்கல் ஓடினவன் பிறகு எங்கயும் விடுவான். ஆனா முதல் மூண்டு கிழமை பக்கத்தில ஆள் ஒருத்தரை இருத்துவினமோ எண்டு கேளும். "உங்களுக்கு ஏஸெட் இருக்குத்தானே" எண்டு திறப்பைக் கையில தாற இடத்துக்குப் போகாதையும்.


#9 இரவுலைன்

ஏன் எல்லாரும் ரெண்டு பெட்டிக்குள்ளயே நிண்டு அடிபடுறீங்கள்? மூண்டாவது ஒண்டு இருக்கு.

நான் லைன் ஹோல். இரவு 8 மணிக்கு ரொறன்ரோவில கொழுவுறன். 401ஆம் நெடுஞ்சாலையில கிழக்கு நோக்கி கிங்ஸ்டன் பக்கம் வரைக்கும், 260 கிலோமீட்டர் மட்டில. மொன்றியல்காரன் மற்றப் பக்கத்தால வாறான். ஒரு யாட்டில என்ர ட்றெயிலரைக் கழட்டி விட்டிட்டு அவன்ர ட்றெயிலரைக் கொழுவிக்கொண்டு திரும்புறன். ரொறன்ரோ - மொன்றியல் போய் வர 1,080 கிலோமீட்டர், ஒரு ஆள் ஒரே ஷிஃப்டில செய்யிறது மல்லுக்கட்டு. இப்பிடி மாத்தினா ரெண்டு பேரும் விடிய நாலரைக்குத் தங்கட தங்கட ஊரில. டொக் இல்லை, கடைக்காரன் இல்லை, காவல் இல்லை. கழட்டு, கொழுவு, ஓடு.

நாலு வருசமா ஒரே மொன்றியல் ஆள். அவனுக்கு ஆங்கிலம் மட்டு, எனக்குப் பிரெஞ்சு சுத்தம். ஒரு சூடான கோப்பி அவன் கொண்டு வருவான், ஒரு டப்பா மிக்சர் நான். வேற கதை இல்லை.

குறை என்னெண்டா நித்திரை. பகலில படுக்கிறது எல்லாருக்கும் ஒத்து வராது. ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில கண் இருட்டும். மற்றது, ஆறு மாச அனுபவத்துக்கு உந்த வேலை கெதியாக் கிடைக்காது. ஆனா மனதில வைச்சிரும்.


#10 கணக்கன்

வரி வேலை செய்கிறேன், வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ட்ரக் ஓட்டுகிறவர்கள். ஒரே ஒரு கேள்வி. அந்த 62 சதம் டீ-ஃபோரிலா (ஊழியராகச் சம்பளம்), அல்லது உங்கள் பெயரில் இன்கார்ப்பரேஷன் (சொந்தக் கொம்பனி) திறக்கச் சொல்கிறார்களா?


#11 புதுச்சில்லு

இப்பதான் கேட்டுப் பாத்தன். இன்கார்ப்பரேஷனாம். "நாளைக்கே திறக்கலாம், எங்கட ஆள் செய்து தருவார்" எண்டு சொன்னாங்கள். டீ-ஃபோர் எண்டா 54 சதம்.


#12 கணக்கன்

நினைத்தேன்.

அவர்களுடைய ட்ரக், அவர்களுடைய டீசல், அவர்களுடைய டிஸ்பாச், அவர்கள் சொன்ன நேரம். நீங்கள் கொண்டு போவது உங்கள் மதியச் சாப்பாடு மட்டும். இப்படி ஓடுகிறவரை வருமான வரித்துறை தனி வியாபாரியாகப் பார்க்காது. கொம்பனி என்ற பெயரில் வேலை செய்யும் ஊழியர் என்று வகைப்படுத்தினால், சிறு வியாபாரத்துக்கான வரிச் சலுகை கிடையாது. மத்திய வரி 33 சதவீதம், ஒன்ராறியோ வரியையும் சேர்த்தால் 44.5 சதவீதம். செலவு என்று எழுதக்கூடியதும் மிகக் குறைவு. வேலைக் காப்புறுதி கிடைக்காது, விடுமுறைப் பணம் கிடையாது, ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளி பங்கு, ஊழியர் பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும். காலை உடைத்துக்கொண்டு வீட்டில் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எட்டுச் சதம் கூடத் தந்து இவ்வளவையும் உங்கள் தலையில் வைக்கிறார்கள்.

டீ-ஃபோரில் ரீஜனல் ஓடினால் ஒரு சலுகை உண்டு, அதைப் பலர் எடுப்பதே இல்லை. 24 மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஊரை விட்டு, 160 கிலோமீட்டருக்கு அப்பால் போய் வருகிற ஓட்டமாக இருந்தால், பெரிய ட்ரக்கில் சாப்பாட்டுச் செலவில் 80 சதவீதத்தைக் கழிக்கலாம். ரசீது சேர்க்காமல் ஒரு சாப்பாட்டுக்கு 23 டொலர், நாளுக்கு மூன்று என்று கணக்கிடும் எளிய முறையும் இருக்கிறது. பயணக் குறிப்பு வைத்திருக்க வேண்டும், டீ-எல்-2 படிவத்தில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். லோக்கல்காரருக்கு இது கிடையாது.


#13 கொக்கி_கொழுவி

கணக்கன் எல்லாரையும் பயப்படுத்திறதே தொழில். நான் அஞ்சு வருசம் இன்கார்ப்பரேஷனில ஓடினன், கையில கூடக் காசு வந்தது, ஒருத்தனும் வந்து கேக்கேல்லை.


#14 கணக்கன்

கேட்கவில்லை என்பதும் கேட்க மாட்டார்கள் என்பதும் ஒன்றல்ல. போன ஆண்டு என்னிடம் ஒருவர் வரித்துறையின் மூன்று வருடக் கடிதங்களை ஒன்றாகக் கட்டிக் கொண்டு வந்தார். பிரித்துப் பார்க்கவே பயந்து கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாராம். சொந்த ட்ரக் வைத்து, பல இடத்துக்கு ஓடுகிறவர் என்றால் அது வேறு கதை. உங்களுக்கு எது என்று எனக்குத் தெரியாது, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.


#15 டிஸ்பாச்சில்_இருந்தவன்

நான் ஆறு வருசம் மற்றப் பக்கக் கதிரையில, டிஸ்பாச்சில இருந்தனான். "கிழமைக்கு 2,300 மைல் நிச்சயம்" எண்டு வேலைக்கு எடுக்கிறவர் சொல்லுவார். அவர் லோட் போடுறதில்லை. லோட் போடுறவன் நான், எனக்கு அந்த வாக்குறுதி தெரியாது. ஜனவரியில சாமான் குறைஞ்சா கனகாலம் நிண்டவனுக்குத்தான் முதல்ல குடுப்பன், புது ஆள் டெட்ராய்ட்டில திரும்பி வாற லோட்டுக்குக் காவல் நிப்பார்.

வெள்ளி மத்தியானம் வீடு எண்டதும் அப்பிடித்தான். வியாழன் இரவு ஒரு லோட் பிந்தினா வெள்ளி மத்தியானம் சனி விடியலாகும். ஞாயிறு இரவு திரும்ப வெளிக்கிட வேணும். கிழமைக்கு உள்ள 70 மணித்தியால வேலைக் கணக்கைப் புதுசாத் தொடங்க 36 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வு எடுக்க வேணும். சனி விடிய ஆறுக்கு வந்து ஞாயிறு இரவு ஒன்பதுக்கு வெளிக்கிட்டா 39. சட்டத்துக்குச் சரி, நானும் சந்தோசமா அனுப்புவன். பிள்ளையின்ர பிறந்தநாள் எண்டு சொன்னா "பாப்பம்" எண்டுவன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை எண்டதுதான்.

தம்பி, ஒபிசில கேக்காதையும். ஷிஃப்ட் முடியிற நேரம் கேற்றடியில போய் நில்லும். வெளியில வாறவனிட்ட, போன கிழமை எத்தினை மைல், எத்தினை மணிக்கு வீட்டுக்குப் போனனீர் எண்டு கேளும். மூண்டு பேரிட்டக் கேட்டா உண்மை வந்திடும். ஒருத்தனும் நிண்டு கதைக்காம ஓடினாலும் அதுவும் ஒரு மறுமொழிதான். லோக்கல்காரனிட்ட வேற ஷிஃப்ட் இருக்கோ எண்டு கேட்டுப் பாத்தனீரோ? பின்னேர ஷிஃப்டுக்கு ஆள் கிடைக்கிறது கஷ்டம். எல்லாருக்கும் விடியத்தான் வேணும், ஏனெண்டா பின்னேரம் பிள்ளையளைப் பாக்கலாம் எண்ட கனவு. (அக்கா மேல எழுதினதைப் படிச்சா அந்தக் கனவு எவ்வளவு தூரம் எண்டு விளங்கும்.)


#16 சேலத்து_ஸ்டீரிங்

கேட் மேட்டர் சூப்பர். நான் என் இப்போதைய கம்பெனிய அப்படித்தான் பிடிச்சேன். ஒரு பஞ்சாபி பெரியவர், வெளிய வந்து பூட் கழட்டிட்டு இருந்தாரு. "சம்பளம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வருதா?"ன்னு ஒரே கேள்விதான் கேட்டேன். பதினஞ்சு நிமிஷம் பேசினாரு.


#17 நானூற்றொன்று

ஒரு பனிக்காலக் கதை. லோக்கல், ரீஜனல் எல்லாருக்கும் பொருந்தும், ஆனா லோக்கல்காரனுக்குக் கூட. ஏனெண்டா அவன்தான் ஒவ்வொரு நாளும் புது ட்றெயிலர் கொழுவிறவன்.

போன ஜனவரி. சனிக்கிழமை மழை, ஞாயிறு மைனஸ் 22. திங்கள் விடிய மூண்டரைக்குக் கொழுவி இழுக்கிறன், ட்ரக் போகுது, ஆனா என்னமோ பிழை. கண்ணாடியில பாத்தா ட்றெயிலரின்ர பின் சில்லு உருளேல்லை, ஐஸில சறுக்கிக்கொண்டு வருது. பிரேக் ஷூ டிரம்மோட சேர்ந்து உறைஞ்சுபோச்சு. அப்பிடியே இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறினா டயர் ஒரு பக்கம் தட்டையாத் தேஞ்சு முடிஞ்சிடும்.

அந்த நேரம் மஞ்சள் பட்டனை வெளியில இழுத்து ட்ரக்கை நிப்பாட்டிப்போட்டு, சிவப்பை உள்ள தள்ளி ட்றெயிலர் பிரேக்கை விட்டிட்டு, கீழ பூந்து டிரம்மில சுத்தியலால அடிக்க வேணும். ஒண்டு, ரெண்டு, மூண்டு. டங் எண்டு ஒரு சத்தம் மாறும் பாரும், அதுதான் விட்டிட்டுது எண்ட அடையாளம். நாலு பக்கமும் அடிக்க இருபது நிமிசம். லோக்கல் எண்டா அந்த இருபது நிமிசத்துக்கும் சம்பளம். மைல் கணக்கு எண்டா ஊருக்கு உழைச்சது.


#18 புதுச்சில்லு

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கிழமை பிந்தி வாறன், குறை நினைக்காதேங்கோ.

ரீஜனல் கேற்றடியில போய் நிண்டன். வெக்கமாத்தான் இருந்தது. ரெண்டு பேர் கதைச்சினம். ஒருத்தர் போன கிழமை 1,700 மைல் எண்டார், மற்றவர் 2,400. ரெண்டாவது ஆள் அங்க ஏழு வருசம். டிஸ்பாச்சில இருந்த அண்ணை சொன்னது அப்பிடியே.

பிறகு லோக்கல் கொம்பனிக்குப் போய்ப் பின்னேர ஷிஃப்ட் கேட்டன். அங்க ஒபிசில இருந்த பொம்பிளை கதிரையில நிமிந்து இருந்தா. மத்தியானம் 12 மணிக்குத் தொடக்கம், இரவு பதினொண்டரை மட்டில முடியும். மணிக்கு ஒரு டொலர் கூட, 29. ஓவர்டைம் கொம்பனி விதிப்படி 50க்குப் பிறகு. மூண்டு கிழமை ஒரு பழைய ட்ரைவர் பக்கத்தில இருப்பாராம். டீ-ஃபோர்.

மகளைக் காலமை நான் விடுவன். பின்னேரம் மனிசி எடுப்பா. பின்னேரம் நான் வீட்டில இல்லை எண்டது ஒரு குறைதான், மனிசிக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. ஆனா காலமை எழும்பி மகளுக்கு இடியப்பம் பிரிச்சுக் குடுத்து, சப்பாத்துப் போட்டு விட நான் நிப்பன். பத்தரைக்கு ஸ்காபரோவில இருந்து வெளிக்கிட்டா 401இலயும் பெரிய நெரிசல் இல்லை, நேற்று ஓடிப் பாத்தன். ரோட்டு ஆசை இருக்கு, விடேல்லை. இரவுலைன் அண்ணை, ஒரு வருசம் கழிச்சு உங்களுக்கு ஒரு செய்தி போடுவன்.

திங்கக்கிழமை முதல் நாள்.


#19 வீட்டுக்காரி_ஒருத்தி

நல்லது தம்பி. இரவு பன்னிரண்டரைக்கு வாற ஆளுக்குச் சாப்பாட்டை மைக்ரோவேவுக்குள்ள வைச்சிட்டு மனிசியைப் படுக்கச் சொல்லுங்கோ. காவல் இருக்க விடாதேங்கோ. முதல் மாசம் இருப்பா, பிறகு கோவம் வரும்.


#20 இரவுலைன்

ஒரு வருசம் எண்டு குறிச்சு வைச்சிட்டன். இரவில கடை டொக்கில கார் ஒண்டும் நிக்காது, பின்னுக்கு எடுக்கப் பழக அதைவிட நல்ல நேரம் இல்லை.


#21 புதுச்சில்லு

நானூற்றொன்று அண்ணை, ஒரு கடைசிக் கேள்வி. அந்தச் சுத்தியல் என்ன மாதிரி வாங்கிறது? வீட்டில ஆணி அடிக்கிறது ஒண்டு கிடக்கு.


#22 நானூற்றொன்று

அதை வீட்டிலேயே வையும். நாலு இறாத்தல், பிடி நீளமானது. பிடியில சிவப்பு ரேப் சுத்தும், இல்லாட்டி பனிக்குள்ள விழுந்தா ஏப்ரலிலதான் எடுப்பீர்.